அபார்ட்மென்ட் மேலாளர் வேலை: பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வேலையில் 2006-லிருந்து இருக்கிறேன். ஹெல்ப்டெஸ்க்கில் போன் எடுக்கச் சேர்ந்தவள், இன்று ஐந்து வளாகங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்களும், வந்துவிட்டு விடலாமா என்று யோசிக்கும் பெண்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்வீர்கள்? வாடகை வசூலிப்பதா?

வாடகைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர், கரண்ட், லிஃப்ட், குப்பை, கழிவுநீர், காவல், கணக்கு, இவ்வளவும் ஒவ்வொரு நாளும் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் வேலை. காலை எட்டு மணிக்குள் பம்ப் ரூமுக்குப் போவேன். சம்ப் என்ற நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், இரவு எத்தனை லாரி வந்தது, மேல்தொட்டி நிரம்பியதா, ஜெனரேட்டர் பேட்டரி எப்படி இருக்கிறது, தீயணைக்கும் ஃபயர் பம்ப் தானாக ஓடும் "ஆட்டோ" நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆபீஸ் நாற்காலி. மீதி நேரம் மனிதர்களோடு. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போன விவகாரம் ஒன்று வாரத்துக்கு ஒருமுறையாவது வரும், இரண்டு வீட்டுக்காரர்களும் அவரவர் பக்கம்தான் நியாயம் என்பார்கள், நடுவில் நாம்.

நீங்கள் எப்படி இதற்கு வந்தீர்கள்?

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். அஞ்சல் வழியில் பி.காம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்ததும் பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாக எழும்பிய ஒரு வளாகத்தில் ஹெல்ப்டெஸ்க் வேலை கிடைத்தது, மாதம் 4,500 ரூபாய். ஐடி கம்பெனிகளும் பெரிய பெரிய குடியிருப்புகளும் அந்தச் சாலையில் போட்டி போட்டு எழுந்துகொண்டிருந்த காலம் அது. கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், கட்டி முடித்ததைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

போனில் வரும் புகாரை எழுதி பிளம்பரிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனால் "முடிந்தது" என்று பிளம்பர் எழுதிய அதே வீட்டிலிருந்து மறுநாளும் போன் வரும். ஏன் என்று தெரிந்துகொள்ள அவர் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். கேட் வால்வு எது, பால் வால்வு எது, எந்த ஷாஃப்டில் எந்தக் குழாய் இறங்குகிறது என்று இரண்டு வருடத்தில் மொத்தமும் கண்ணை மூடினால் தெரியும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்புறம் கணக்கு உதவியாளர், அப்புறம் சூப்பர்வைசர், 2012-ல் மேலாளர், 2018-லிருந்து பல வளாகங்கள்.

இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். படித்திருந்தால் நல்லது, அவ்வளவுதான். பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரிவதும், மின்வாரியப் பில்லை வரிவரியாகப் புரிந்துகொள்வதும், ஒரு கடிதத்தைச் சண்டை வராமல் எழுதத் தெரிவதும் எனக்கு அதைவிட அதிகம் கைகொடுத்திருக்கின்றன. மோட்டார் பற்றித் தெரியவில்லை என்றால் மோட்டார் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். கேட்டதற்காக என்னை இதுவரை யாரும் குறைவாக நினைத்ததில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டியவர்களைத்தான் கான்ட்ராக்டர்கள் ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெண் என்றால் மதிப்பார்களா?

முதல் பத்து நிமிடம் மதிக்க மாட்டார்கள், அதைச் சொல்லிவிடுவதே நல்லது. "சார் இல்லையா மேடம்?" என்று என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டவர்கள் எத்தனையோ பேர். நான் அதற்கு வாயால் பதில் சொல்வதில்லை. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் அப்படித்தான் கேட்டார், 12,000 லிட்டர் என்று பில். அளவுக்கம்பை எடுத்துக்கொண்டு லாரி மேல் ஏறச் சொல்லி எங்கள் பையனை அனுப்பிவிட்டு, கம்பில் ஈரம் ஏறிய இடத்தைக் கீழே நின்று நானே விரலால் அளந்தேன், ஒன்றரைச் சாண் குறைவு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரையும் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிக் காட்டினேன். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் வந்ததும் கம்பை அவரே எடுத்துக் கொடுப்பார்.

குடியிருப்பவர்களிடமும் அப்படித்தான். உங்களுக்கு அந்தக் கட்டடம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் குறையும். முழுக்க நின்றுவிடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சம்பளம் எவ்வளவு வரும்?

நான் ஆள் எடுக்கும் இடங்களில் ஹெல்ப்டெஸ்க்கில் சேரும் பெண்ணுக்கு மாதம் 16 முதல் 20 ஆயிரம் கொடுக்கிறோம். மேலாளர் ஆனால் இரண்டு மடங்குக்கு மேல், வளாகத்தின் அளவைப் பொறுத்து. ஐடி சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆனால் நாற்பது வயதில் ஏறும் மதிப்பு இந்த வேலையில் உண்டு, முடி நரைக்க நரைக்க உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

நீங்கள் செய்த பெரிய தவறு என்ன?

இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மேலாளர் ஆன புதிதில் ஒரு கோடைக்காலம். லாரி தாமதமாக வந்த ஓர் இரவில் சம்ப் காலியாகி, மோட்டார் தண்ணீர் இல்லாமலேயே ஓடிக் காயில் எரிந்துபோனது. 7.5 எச்பி மோட்டார். விடிந்ததும் குடங்களோடு ஆட்கள் கீழே இறங்கிவிட்டார்கள். நான் பம்ப் ஆபரேட்டரை, என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், கேட் பக்கத்தில் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், பால்காரர் வரை எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் எல்லாமே நன்றாக ஓடியது. லாக் புக்கில் பக்கத்துக்குப் பக்கம் "ஓகே". நான் கண்டித்ததால்தான் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

நான்காவது மாதம் தீயணைப்பு ஒத்திகை வைத்தோம். ஐந்தாவது மாடியில் ஹைட்ரன்ட் வால்வைத் திறந்தால் புஸ் என்று காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை. கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் ஃபயர் பம்ப் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றப்பட்டிருந்தது. பம்ப்பில் ஒரு கசிவு, அதனால் குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஜாக்கி பம்ப் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம், அதுவும் எரிந்துவிடுமோ என்று பயந்து அணைத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளாக? ஏழு வாரம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா திட்டுவீங்கம்மா" என்றார் அண்ணன். 160 குடும்பங்கள் ஏழு வாரம் தீயணைப்புத் தண்ணீர் இல்லாமல் தூங்கியிருக்கிறார்கள், காரணம் நான் கத்தியது.

மறுநாள் காலை அதே கேட் பக்கத்தில், அதே ஆட்களைக் கூப்பிட்டு, அன்று அப்படிப் பேசியது தப்பு என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், ஆனால் திட்டு வாங்கியது தனியாக இல்லையே. அன்றிலிருந்து இன்றுவரை என் எல்லா வளாகங்களிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் நின்றுகொண்டே பத்து நிமிடம் பேசுவோம், முதல் கேள்வி "நேற்று என்ன கெட்டுப்போச்சு?" என்பதுதான். தானாக வந்து சொன்னவரைத் திட்டக் கூடாது, சூப்பர்வைசர் திட்டினால் சூப்பர்வைசர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். லாக் புக்கில் ஒரு வாரம் முழுக்க ஓகே என்று இருந்தால் நானே அந்த இடத்துக்குப் போய்விடுவேன். எந்தக் கட்டடமும் ஒரு வாரம் முழுக்க ஓகேயாக இருக்காது.

அந்த வழக்கம் உண்மையிலேயே உதவியதா?

2015 டிசம்பர் 1. சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் வந்து இரவோடு இரவாக வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது நான் பார்த்த வளாகம் ஆற்றிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

இரவு ஒன்பது மணி இருக்கும், அதே அண்ணன் போன் செய்தார். "லிஃப்ட் பிட்ல தண்ணி ஊறுதும்மா. ரோட்ல இன்னும் ஒண்ணும் இல்ல, ஆனா இது மழைத்தண்ணி மாதிரி தெரியல." சாலையில் தண்ணீர் வராதபோது அப்படிச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், தப்பாகப் போனால் நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பிய பழி அவர் மேல்தான். நாங்கள் லிஃப்ட்களை மேல் மாடிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்தோம். வீடு வீடாக மணி அடித்து பேஸ்மென்ட் கார்களை வெளியே எடுக்க வைத்தோம், பலர் கோபப்பட்டார்கள். ஜெனரேட்டர் டீசலை மேலே ஏற்றினோம். விடியற்காலையில் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். நாலு கார் போனது, மற்றவை பிழைத்தன. லிஃப்ட் எதுவும் போகவில்லை.

அன்றைக்கு எங்களிடம் இல்லாத ஒன்று, எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர் இருக்கிறார், யாருக்கு ஆக்சிஜன் தேவை, யாருக்கு டயாலிசிஸ் என்ற பட்டியல். இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி விசாரித்தோம். இப்போது எல்லா வளாகத்திலும் அந்தப் பட்டியல் காகிதத்திலேயே இருக்கிறது, போனில் இல்லை, ஏனென்றால் அந்த நாட்களில் போனே வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் காகிதம்தான் எடுத்த எடுப்பில் கைக்கு வந்தது.

கழிவுநீர்த் தொட்டி, எஸ்டிபி என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை, இதெல்லாம் பெண் மேலாளர் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

எஸ்டிபியில் நாற்றம் வந்தால் முதலில் தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயரைப் பாருங்கள். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த இரவில் அணைத்திருப்பார்கள். காற்று போகாவிட்டால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் நாற்றம் போகாது. காற்றேற்றும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பழுப்பு நிறச் சேறு கீழே படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் ஆலைக்கு உயிர் இருக்கிறது. கலங்கியே நின்றால் ஆபரேட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை உண்டு. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. "ரெண்டு நிமிஷம் மேடம், கயிறு கட்டி இறங்கிட்டு வந்துடறேன்" என்று ஓர் இளைஞன் சட்டையைக் கழற்றி மூடி மேல் வைத்துவிட்டு நின்றான். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கமிட்டியில் ஒருவர் போனில், லாரிக்கு ஏன் தண்டச் செலவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூடியைப் போடச் சொல்லிவிட்டு, உறிஞ்சும் லாரி வரும்வரை மூன்று மணி நேரம் அந்த மூடி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு ஒருவரை மயக்க ஒரு மூச்சு போதும், காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவார்.

கணக்கு வழக்கில் கெட்ட பெயர் வாங்காமல் இருப்பது எப்படி?

எல்லாவற்றையும் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்குள் வரவு செலவு நோட்டீஸ் போர்டில், பில் நகல்களோடு. யார் கேட்டாலும் ஃபைலை எடுத்து மேசையில் வையுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். பிற்காலப் பெரிய செலவுக்கென்று சேர்த்த கார்பஸ் நிதியைத் தனி வைப்புநிதியில் வையுங்கள், மாதச் செலவுக்குக் கைவைக்க விடாதீர்கள், பெயின்ட் அடிக்கவும் லிஃப்ட் மாற்றவும் பத்து வருடத்தில் அது வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்பார்கள். மெயின்டனன்ஸ் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். முழுத் தொகைக்கும் வரி என்று 2019-ல் மத்திய அரசின் சுற்றறிக்கை சொன்னது, 7,500-க்கு மேல் உள்ளதற்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் சங்கம் எதைப் பின்பற்றுகிறது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

கமிட்டி மாறிக்கொண்டே இருக்கிறதே, யார் சொல்வதைக் கேட்பது?

கூட்டங்களில் எடுத்த முடிவுகளை எழுதி வைக்கும் தீர்மானப் புத்தகம் சொல்வதை.

பில்டரிடமிருந்து சங்கத்துக்குக் கைமாறும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டுக் காகிதங்களைக் கேளுங்கள். அனுமதி பெற்ற வரைபடம், நிறைவுச் சான்றிதழ், லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, குழாயும் வயரும் உண்மையில் எங்கே போகின்றன என்று காட்டும் படங்கள். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீடு கைக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதனால் ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு போட்டோ எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கமிட்டியில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள்.

கீழே வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துவது?

புது வளாகத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது, ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று. 300 வீட்டுக்கு 600 கழிப்பறை இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லாத வளாகங்களைப் பார்த்திருக்கிறேன். காலை ஏழுக்கு வந்து நாலு மணி வரை தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வார்கள். உடை மாற்ற ஓர் அறை, தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை, சாப்பிட உட்கார ஓர் இடம், இந்த மூன்றும் இல்லாமல் நான் பொறுப்பு ஏற்பதில்லை. செக்யூரிட்டிக்கு நாற்காலியும் அப்படித்தான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அது கடைகளுக்குத்தான், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்பவரின் கால்களும் கால்கள்தான்.

பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய ரசீதை மாதாமாதம் கான்ட்ராக்டரிடம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பில் பாஸ் செய்யுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், அது எங்கள் ஹெல்ப்டெஸ்க் பெண்ணின் வேலை, இரண்டு மணி நேரம் ஆகும். ஒருமுறை பதினோரு பேர் பெயரே இல்லை. அந்த மாத பில்லை நிறுத்தி வைத்தோம், அடுத்த மாதம் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள்.

இந்தத் துறையில் பெண்கள் புதிதா?

இல்லவே இல்லை. இந்தத் தொழிலை ஒரு தொழிலாக ஆக்கியதே ஒரு பெண்தான் என்று நான் நம்புகிறேன், லண்டனில் ஆக்டேவியா ஹில் என்பவர். 1865-ல் ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் 750 பவுண்டுக்கு மேரிலபோன் பகுதியில் மூன்று பாழடைந்த வீடுகளை வாங்கி அவர் பொறுப்பில் கொடுத்தார், முதலுக்கு 5 சதவீதம் திரும்பி வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில் வாரா வாரம் தானே வீடு வீடாகப் போய் வாடகை வாங்கினார், ஒழுகும் கூரையை அப்போதே கண்ணால் பார்த்தார். அவருடைய ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று பழுதுபார்க்க ஒரு தொகை ஒதுக்கி, உடைந்ததைச் சரிசெய்தது போக மிஞ்சியதைக் குடியிருப்பவர்கள் கேட்கும் வசதிக்கே செலவழித்தார். 1884-ல் திருச்சபையே சதர்க் பகுதியில் தன் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தது. அவர் தன் உதவிக்குப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டதும் பெண்களைத்தான். 1912-ல் அவர் இறந்து நாலு வருடத்தில் பெண் வீட்டு மேலாளர்களுக்கென்று இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கியது.

ஏழைகளின் வாழ்க்கையில் அவர் அளவுக்கு மீறித் தலையிட்டார், வாடகை தராதவர்களை இரக்கமில்லாமல் வெளியேற்றினார் என்ற குறை உண்டு, அது நியாயமான குறை. ஆனால் மிச்சம் பிடித்த பணத்தை மிச்சம் பிடித்தவர்களுக்கே திருப்பும் அந்த வழியை நான் எங்கள் வளாகத்தில் செய்து பார்த்தேன். ஒரு பிளாக்கில் தண்ணீர்ச் செலவு குறைந்து மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை அந்த பிளாக் கேட்டதற்கே செலவழித்தோம். அவர்கள் கேட்டது பெரியவர்கள் உட்கார இரண்டு பெஞ்ச்.

வீடு, குழந்தை, இரவு போன், இதெல்லாம்?

என் மாமியார் இல்லாவிட்டால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன், அதை மறைத்து எழுதினால் அது பொய். எல்லோருக்கும் அப்படி ஒருவர் அமையாது என்பதும் தெரியும். நான் போட்ட ஒரு வரம்பு, இரவு ஒன்பதுக்கு மேல் நாலு விஷயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடலாம்: தீ, லிஃப்டில் ஆள் மாட்டுவது, தண்ணீர் முழுதாக நின்றுபோவது, உயிர் ஆபத்து. மற்றது இரவு சூப்பர்வைசர். இதை எழுதி ஒட்டினேன், முதல் மாதம் யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை, அப்புறம் பழகிவிட்டார்கள்.

பாதுகாப்பு பற்றி: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், இது 2013 சட்டம். இன்டர்வியூவிலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வளாகத்தில் சேரக் கூடாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்டர் வாங்குவதற்கு முன்னால் பம்ப் ரூமைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள். காட்டினால் லாக் புக்கைப் புரட்டுங்கள், அப்படியே அங்கே இருப்பவரிடம், கமிட்டி ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "இங்க என்னண்ணே சரியில்ல?" என்று கேளுங்கள். ஒரு நீளமான பதில் வந்தால் சேருங்கள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னால், இன்னொரு இடம் தேடுங்கள், அல்லது சேர்ந்த முதல் ஆறு மாதத்தை அவர் வாய் திறப்பதற்காக மட்டும் ஒதுக்கி வையுங்கள்.